இன்ச் டேப்பை எடுங்கள், தோழர்களே!

கேளம்பாக்கம், படூர், தையூர், புதுப்பாக்கம், சிறுசேரி, நாவலூர் கிளைத் தோழர்களே!

இந்த அழைப்பு கைக்கு வந்ததும் உங்கள் தெருவில் தையல் மிஷின் வைத்திருக்கும் தோழர் வீட்டுக்குப் போங்கள். இன்ச் டேப்பைக் கேட்டு வாங்குங்கள். கதவைச் சாத்திக்கொண்டு புடவைக் கட்டையோ சுடிதார் நாடாவையோ தளர்த்துங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபிறகு அளவைப் படியுங்கள். வயிற்றை எக்க வேண்டாம், அங்கே யாரும் பார்க்கவில்லை. முப்பத்தொன்றரை இன்ச், அதாவது 80 சென்டிமீட்டர். டேப் அதைத் தாண்டினால் இந்த அழைப்பு முதலில் உங்களுக்குத்தான். தாண்டாவிட்டாலும் மடித்து வைத்துவிடாதீர்கள்.

பேசப்போவது மார்பகப் புற்றுநோயைப் பற்றி. அதற்கும் நம் வயிற்றுச் சுற்றளவுக்கும் உள்ள உறவைப் பற்றி.

"பட்டா கேட்கணும், கூலி கேட்கணும், நூறு நாள் வேலைப் பாக்கி கேட்கணும். இதுல இடுப்பளவுக்கு ஏது நேரம்?" என்று மூத்த தோழர்கள் சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு ஓ.எம்.ஆர். பஸ்ஸில் வடக்கே போய்ப் பார்க்கும் தூரத்திலேயே பதில் இருக்கிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை அரசாங்கம் கட்டவில்லை, முதலாளியும் கட்டவில்லை. ஒரு மாதர் சங்கம் கட்டியது. 1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தை முன்னிறுத்தி நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் பன்னிரண்டு படுக்கையோடு அது தொடங்கியது. 'இதெல்லாம் குணமாகாத வியாதி, இதற்கெதற்கு ஆஸ்பத்திரி' என்று படித்தவர்களே கேட்ட காலம் அது. இன்றைக்கும் அந்த மருத்துவமனையின் ஆங்கிலப் பெயருக்குப் பின்னால் அந்தச் சங்கத்தின் முதலெழுத்துகள் நிற்கின்றன. மருத்துவர்களுக்கு விட்டுவிட வேண்டிய வேலை இது என்று அந்தப் பெண்கள் நினைத்திருந்தால் சென்னைக்கு அந்த மருத்துவமனை வந்திருக்காது.

அந்த அடையாற்றில்தான் 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டை எழுதிவருகிறார்கள். யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் நோய் வந்தது என்ற கணக்கு அது. தொடங்கிய காலத்தில் சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். அது படிப்படியாக இறங்கியது, மார்பகப் புற்றுநோய் ஏறி முதலிடத்தைப் பிடித்தது. 2012 முதல் 2016 வரையிலான பதிவில் சென்னையில் லட்சம் பெண்களுக்கு ஆண்டுக்கு 42.2 என்று வயது சரிசெய்த விகிதம் காட்டுகிறது. இந்தியப் பதிவேடுகளில் ஐதராபாத்துக்கு அடுத்த இடம் நமக்கு. நாட்டளவில் பார்த்தால் 2022இல் ஏறக்குறைய 1,92,000 பெண்களுக்குப் புதிதாக வந்திருக்கும் என்றும், 98,000 பேர் இறந்திருப்பார்கள் என்றும் உலகப் புற்றுநோய்க் கணக்கு மதிப்பிடுகிறது. புதிதாக இரண்டு பேருக்கு வந்தால் ஒருவர் சாகிறார். அமெரிக்காவில் புதிதாக ஆறேழு பேருக்கு வந்தால் ஒருவர் சாகிறார். இந்த வித்தியாசத்தை உடம்பு உண்டாக்கவில்லை. எப்போது கண்டுபிடிக்கிறார்கள், கண்டுபிடித்தபின் சிகிச்சை முழுதாகக் கிடைக்கிறதா என்பதுதான் அதை உண்டாக்குகிறது.

நோய் ஏறியதற்குக் காரணம் பல. பிள்ளைப்பேறு தள்ளிப்போனது, பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது, தாய்ப்பால் கொடுக்கும் காலம் சுருங்கியது, ஆயுள் நீண்டது. இவற்றில் பலவற்றைத் திருப்ப முடியாது, திருப்பவும் வேண்டாம். யாரும் புற்றுநோய்க்குப் பயந்து பதினெட்டு வயதில் பிள்ளை பெற வேண்டியதில்லை. ஆனால் உடல் எடை அப்படிப்பட்ட காரணம் அல்ல. அதைத் தொட முடியும்.

இதைப் பற்றி நம் மண்ணிலேயே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. 2002 முதல் 2005 வரை சென்னையின் புற்றுநோய் மருத்துவமனைகளிலும் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திலும் மார்பகப் புற்றுநோய் உறுதியான 1,866 பெண்களையும், அவர்களோடு வயது ஒத்த, அந்த நோய் இல்லாத 1,873 பெண்களையும் எடுத்துக்கொண்டார்கள். உயரம், எடை, வயிறு, இடுப்பு எல்லாவற்றையும் அளந்தார்கள். அலேயம்மா மேத்யூ, கஜலட்சுமி முதலிய ஆய்வாளர்கள் 2008இல் முடிவை வெளியிட்டார்கள். வயிற்றுச் சுற்றளவு 85 சென்டிமீட்டரைத் தாண்டிய பெண்களிடம் நோய் அபாயம் கூடுதலாக இருந்தது. மாதவிடாய் நின்றவர்களிடம் அது இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. கூடுதல் எடையும் பெருத்த வயிறும் கிராமத்துப் பெண்களைவிட நகரத்துப் பெண்களிடம் அதிகம் என்பதும் அதே ஆய்வில் வந்தது.

கேளம்பாக்கம் இன்று கிராமமா நகரமா? உப்பளமும் ஏரிப் பாசனமும் இருந்த ஊர். ஒரு தலைமுறைக்குள் இருபது மாடி, முப்பது மாடி வந்துவிட்டது. அந்த மாற்றத்தின் நடுவில் நிற்கும் உடம்புகள் நம்முடையவை.

எடை எப்படி மார்பகத்துக்குப் போய்ச் சேருகிறது? கூட்டத்தில் யாராவது கேட்டால் திணறாமல் சொல்லத் தெரிய வேண்டும். மாதவிடாய் ஓடும் காலத்தில் ஈஸ்ட்ரோஜனைப் பெரும்பாலும் சுரப்பது சினைப்பை. மாதவிடாய் நின்றதும் சினைப்பை கடையைச் சாத்திவிடுகிறது. ஆனால் கொழுப்புத் திசு கடையைத் திறந்தே வைத்திருக்கிறது. அதில் அரோமட்டேஸ் என்றொரு நொதி இருக்கிறது. அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஆண்ட்ரோஜனை அது ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். கொழுப்பு கூடினால் இந்தச் சரக்கும் கூடும். ஐம்பது வயதுக்குமேல் ஓய்ந்திருக்க வேண்டிய மார்பகச் செல்களுக்கு 'வளரு, பெருகு' என்ற கட்டளை போய்க்கொண்டே இருக்கிறது. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பு இதோடு நிற்பதில்லை. இன்சுலினை ஏற்றுகிறது, உடம்பில் மெல்லிய அழற்சியை நிரந்தரமாக வைத்திருக்கிறது, ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் குறைத்துவிடுகிறது. கூடுதல் கொழுப்பால் வரும் புற்றுநோய்கள் பதின்மூன்று என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016இல் அறிவித்த பட்டியலில், மாதவிடாய் நின்றபின் வரும் மார்பகப் புற்றுநோயும் இருக்கிறது.

மாதவிடாய் நிற்காத இளம்பெண்கள்? இங்கே கணக்கு கொஞ்சம் சிக்கலானது, மறைக்கப்போவதில்லை. மேலை நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2018இல் பார்த்தபோது, இளவயதில் எடை கூடிய பெண்களிடம் மாதவிடாய் நிற்குமுன் வரும் மார்பகப் புற்றுநோய் குறைவாகவே இருந்தது. அதைக் கேட்டு நிம்மதிப்பட வேண்டாம். நம் உடல்வாகு வேறு. கை கால் மெலிந்திருக்கும்போதே வயிற்றில் கொழுப்பு சேரும் உடம்பு தெற்காசிய உடம்பு. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் செய்து 2016இல் வெளிவந்த ஆய்வு, வயிற்றுப் பருமன் உள்ளவர்களுக்கு மாதவிடாய் நிற்குமுன்பும் நின்றபின்பும் அபாயம் கூடுவதாகச் சொன்னது. அதனால்தான் எடை மிஷினைவிட இன்ச் டேப்பை நான் நம்பச் சொல்கிறேன்.

தராசுக் கணக்கும் தெரிந்திருக்கட்டும். ஐந்தடி உயரப் பெண்ணுக்கு ஏறக்குறைய 53 கிலோவைத் தாண்டும்போதே ஆசியருக்கான எச்சரிக்கைக் கோடு வந்துவிடுகிறது. 58 கிலோவில் இந்திய மருத்துவர்கள் பருமன் என்றே எழுதுகிறார்கள். நம் கிளைகளில் 58 கிலோவைக் 'கொஞ்சம் பூசினாப்ல' என்றுதான் சொல்வோம். மாப்பிள்ளை வீட்டார் அதைப் பாராட்டாகவே சொல்வார்கள்.

மிகைப்படுத்தவும் கூடாது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு உடல் எடைக் குறியீடு ஐந்து புள்ளி கூடும்போது, ஐந்தடிப் பெண்ணுக்கு அது பதினொன்றரை கிலோ போல, மார்பகப் புற்றுநோய் அபாயம் சுமார் 12 சதவீதம் கூடுகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2008இல் லான்செட் இதழ் தந்த கணக்கு. ஆசிய-பசிபிக் மக்களிடம் அந்தத் தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது. தனி ஒரு பெண்ணுக்கு 12 சதவீதம் என்பது தூக்கம் கெட வேண்டிய எண் அல்ல. ஆனால் தமிழ்நாட்டுக்கு? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் கூடுதல் எடையோ பருமனோ உள்ளவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில் 30.9. நாலைந்து ஆண்டுக்குள் ஏறக்குறைய பத்துச் சதவீதப் புள்ளி. நூறில் நாற்பது பேரின் அபாயம் கொஞ்சம் கொஞ்சம் கூடினால், ஒரு மாநிலத்தின் ஆஸ்பத்திரி வரிசை எவ்வளவு நீளும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

அதே ஆய்வு சொல்லும் இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். அதே வயதுத் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கொழுப்பு கூடியிருக்கிறது, ரத்தம் குறைந்திருக்கிறது. இதைத் தின்று கொழுத்த உடம்பு என்று யாராவது சொன்னால் அவர் வாயை அடையுங்கள். அரிசியால் வயிறு நிரம்பி, பருப்பும் கீரையும் முட்டையும் எட்டாமல் போன உடம்பு இது.

நம்மவர்கள் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்று பார்ப்போம். செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் உள்ள குடிசை மாற்று வாரிய வீடுகளிலிருந்து விடிகாலையில் ஷேர் ஆட்டோ ஏறும் வீட்டுவேலைத் தோழர் வெறும் வயிற்றோடு கிளம்புகிறார். முதல் வீட்டில் ஒரு டீ, இரண்டாவது வீட்டில் ஒரு டீயும் நாலு பிஸ்கட்டும், பதினொரு மணிக்குக் கடையில் ஒரு டீ, ஒரு போண்டா. மூன்று டீயிலும் தாராளமாகச் சர்க்கரை. மதியச் சோறு மூன்றரை மணிக்கு. ராத்திரி பிள்ளைகள் சாப்பிட்டபின் மிச்சச் சோறு முழுவதும் இவருக்கு, குப்பையில் கொட்ட மனம் வராது. தூக்கம் ஐந்து மணி நேரம். நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்தும் ஏன் வயிறு ஏறுகிறது என்றால், இந்தத் தூக்கக் குறைவும் இந்தச் சாப்பாட்டு நேரமும் சர்க்கரையும்தான். "உழைக்கிற ஒடம்புக்கு என்னா நோவு வரும்?" என்று அவர் கேட்கிறார். "இது கொழுப்பு இல்ல தோழர், மூணு பிள்ளை பெத்த வயிறு" என்கிறார். இரண்டையும் கேலி செய்யாமல் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

அவர் பெருக்கித் துடைக்கும் அடுக்குமாடியின் உள்ளே நடைபாதை இருக்கிறது, மரநிழல் இருக்கிறது, விளக்கு இருக்கிறது. வேலைக்கு வருபவர்கள் அதில் நடக்கக் கூடாது. வெளியே வந்தால் ஓ.எம்.ஆர். என்ற ராஜீவ் காந்தி சாலை. மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளம், தண்ணீர் லாரி, நடைபாதை என்ற பெயரில் பைக் நிறுத்தம். கேளம்பாக்கம் கூட்டுரோட்டிலிருந்து வண்டலூர் சாலையில் அரை கிலோமீட்டர் பயமில்லாமல் நடந்து காட்டுங்கள் பார்ப்போம். 'தினமும் அரைமணி நடங்கம்மா' என்று சீட்டில் எழுதித் தருகிறார் டாக்டர். எங்கே நடப்பது என்று அந்தச் சீட்டில் இல்லை.

சிறுசேரி ஐ.டி. நிறுவனங்களில் வேலை செய்யும் தோழர்களின் உடம்பும் இதே சாலையில்தான் கெடுகிறது, வேறு விதமாக. ஒன்பது மணி நேர நாற்காலி, இரண்டு மணி நேரக் கேப், நள்ளிரவு ஷிஃப்டில் பரோட்டா. இரவு ஷிஃப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய காரணிகளில், 'பெரும்பாலும் உண்டாக்கக்கூடியது' என்ற வகுப்பில் சர்வதேசப் புற்றுநோய் முகமை 2007இல் சேர்த்தது. 2019இல் மறுபடி ஆராய்ந்து அதையே உறுதி செய்தது. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான அக்டோபர் வந்தால் கண்ணாடிக் கட்டடங்களில் இளஞ்சிவப்பு விளக்கு எரிகிறது. ரிப்பன், பலூன், செல்ஃபி. விழா முடிந்ததும் பலூனைப் பெருக்குகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தக் கட்டடத்துக்குள் ஒரு பரிசோதனை கிடையாது. ரிப்பன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ரிப்பன் குத்தும் கையிடம் ஷிஃப்ட் பட்டியலைக் கேளுங்கள் என்கிறேன். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் சொன்னது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பிள்ளைக்குப் பால் கொடுக்கும் ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் தாயின் மார்பகப் புற்றுநோய் அபாயம் 4.3 சதவீதம் குறைகிறது. முப்பது நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்து 2002இல் கண்ட முடிவு அது. காப்பகம் இல்லாத அலுவலகத்தில் பாலை வற்றவைக்க மாத்திரை வாங்குகிறாள் நம் தங்கை.

ஆகவே, தோழர்களே, ஒரு பெண்ணிடம் போய் 'நீ எடை போட்டுட்ட, அதான் உனக்கு நோய் வரும்' என்று எந்தத் தோழராவது சொன்னதாகத் தெரிந்தால் அவரிடம் நம் சங்கம் விளக்கம் கேட்கும். நோய் வந்தவரிடம் அப்படிச் சொல்வது அதைவிடக் கொடுமை. ஒல்லியானவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. ஓடி ஆடி விளையாடியவர்களுக்கும் வருகிறது. எடை ஒரு காரணம், ஒரே காரணம் அல்ல. இந்தச் சாலையும் இந்த ஷிஃப்டும் அரிசியே நிறைந்த ரேஷனும் நம் வயிற்றில் சேர்த்த அளவைத்தான் டேப் காட்டுகிறது. அதை அவமானமாகச் சுமக்காமல் புகாராக எழுதுவோம் என்பதற்குத்தான் இந்த அழைப்பு.

ஆனால் சாலை சரியாகும்வரை, சட்டம் அமலாகும்வரை நம் செல்கள் காத்திருக்காது. மாதவிடாய் நின்றபிறகு குறைத்தால் பயனில்லை என்று சோர்ந்துபோக வேண்டாம். ஐம்பது வயதைத் தாண்டிய சுமார் 1,80,000 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2020இல் வெளியான ஆய்வில், எடையைக் குறைத்து அதை ஏறவிடாமல் வைத்திருந்தவர்களுக்கு அபாயம் குறைந்திருந்தது. இரண்டு மூன்று கிலோ குறைத்தவர்களிடமே அது தெரிந்தது, கூடுதலாகக் குறைத்தவர்களிடம் கூடுதலாகத் தெரிந்தது. இரண்டு கிலோ நம்மால் முடியும். மூன்று டீயில் இரண்டு டீயின் சர்க்கரையை விட்டால் பாதி வேலை முடிந்துவிடும். ராத்திரி மிச்சச் சோற்றைத் தண்ணீர் ஊற்றி வையுங்கள், காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பாமல் அதையே சாப்பிட்டுப் போகலாம்.

இன்னொன்று. காலையில் வாசலில் நின்று கூப்பிடும், எடை குறைக்கும் பவுடர் விற்கும் ஆசாமிகளை நம்பாதீர்கள். மாதம் ஐயாயிரம், ஆறாயிரம் கொடுத்து ஷேக் குடித்து, நிறுத்திய மாதமே பழைய எடைக்குத் திரும்பியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தப் பணத்துக்கு எத்தனை கிலோ பயறும் முட்டையும் வரும்?

சாப்பாடு என்றதும் ரேஷன் பேச்சு வரும். ரேஷன் கடையில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இந்த ரேஷன் தமிழ்நாட்டின் பெருமை, அதைக் காப்பாற்றப் போராடியவர்கள் நாம். அதனாலேயே அதைத் திருத்தச் சொல்லவும் நமக்குத்தான் உரிமை. 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தைத் தொடங்கினார்கள். செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் கேட்போம். கேழ்வரகு மந்திரமில்லை, களியையும் அளவில்லாமல் தின்றால் எடை ஏறத்தான் செய்யும். அதனால் பருப்பின் அளவைக் கூட்டச் சொல்லி அதைவிடச் சத்தமாகக் கேட்போம்.

இனி நம் முக்கியக் கோரிக்கை. 30 முதல் 49 வயதுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 5.6 சதவீதம் என்கிறது அதே குடும்பநல ஆய்வு. இந்திய அளவில் 0.9 சதவீதம். நாம் ஆறு மடங்கு முன்னேறியிருக்கிறோம் என்று யாராவது மேடையில் சொன்னால் கைதட்டாதீர்கள். நூறில் 94 பேரை யாருமே கை வைத்துப் பார்க்கவில்லை.

கை வைத்துப் பார்த்தால் போதுமா, மேமோகிராம் மிஷின் வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் மிஷின் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்பதை மும்பை காட்டிவிட்டது. 1998இல் டாட்டா நினைவு மருத்துவமனை மும்பையின் குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயதுவரை ஒன்றரை லட்சம் பெண்களை எடுத்துக்கொண்டது. பாதிப்பேருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் மார்பகப் பரிசோதனை. செய்தவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி கொடுத்த பெண் சுகாதாரப் பணியாளர்கள். இருபது ஆண்டு தொடர்ந்து கவனித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். பரிசோதனை நடந்த பகுதிகளில் நோய் முற்றுவதற்கு முன்பே பிடிபட்டது. ஐம்பது வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பாதி உண்மை சொல்லி ஆள் சேர்க்கும் பழக்கம் நமக்கு வேண்டாம்.

நம்மூரில் அதற்கான ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர்கள் வாசலுக்கு வந்து பி.பி. பார்க்கிறார்கள், சுகர் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். அவர்கள் நம் தெருப் பெண்கள், சிலர் நம் உறுப்பினர்கள். கிராம சுகாதார செவிலியர், நாம் நர்சம்மா என்று கூப்பிடுபவர், பிள்ளைத்தாய்ச்சிகளை வீடு வீடாகத் தெரிந்தவர். இவர்களுக்கு முறையான பயிற்சி கொடுங்கள், அதற்குரிய ஊதியத்தைச் சேர்த்துக் கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரத்தில் ஒரு நாள், பெண் பணியாளர் மட்டும், கதவுள்ள அறை. சந்தேகம் வந்தவரைக் கையில் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடாமல், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கோ கூட்டிப்போய்ச் சேர்க்கும் பொறுப்பு. இதுதான் கோரிக்கை. பெரிய பட்ஜெட் எதுவும் இல்லை. 2023 இறுதியில் ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் ஒருங்கிணைந்த புற்றுநோய்ப் பரிசோதனையை அரசு தொடங்கிக் காட்டியது. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும். ஊராட்சி உள்ள ஊர்களில் அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள், எழுத்தில் வாங்குங்கள். தையூர் ஏரிக்கரையில் விளக்கும் நடைபாதையும் வேண்டும் என்ற தீர்மானத்தையும் அதோடு சேர்த்து வையுங்கள். பெண்கள் இருட்டுக்குமுன் வீடு திரும்பும் அவசரமில்லாமல் நடக்க ஓரிடமாவது இந்த வட்டாரத்தில் இருக்கட்டும்.

கிளைத் தோழர்கள் வீடு வீடாகப் போகும்போது மூன்று பேச்சுகள் எதிரே வரும். "பால் கட்டியிருக்கும், தானா கரைஞ்சிடும்" என்பது முதலாவது. வலியில்லாத கட்டிதான் முதலில் காட்ட வேண்டிய கட்டி. காம்பு உள்ளே இழுத்திருந்தாலும், ரத்தம் கசிந்தாலும், தோல் ஆரஞ்சுத்தோல் போலக் குழிகுழியாக இருந்தாலும், அக்குளில் நெறி கட்டி இறங்காமலிருந்தாலும் அந்த வாரமே காட்ட வேண்டும். "ஊசி குத்தினா, கத்தி பட்டா பரவிடும்" என்பது இரண்டாவது. பரவுவது காலம் கடத்துவதால். சதைப் பரிசோதனை இல்லாமல் எந்தச் சிகிச்சையும் தொடங்காது. "காசுக்கு எங்க போவேன்" என்பது மூன்றாவது, இதுதான் உண்மையான பயம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ள ஒப்பந்தத் தோழர்களுக்கு இ.எஸ்.ஐ. உரிமை உண்டு. ஒப்பந்தக்காரர் பணம் கட்டுகிறாரா என்று இந்த மாதமே சரிபாருங்கள், நோய் வந்தபின் பார்த்துப் பயனில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்க வேண்டும், அது புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் செல்லும். அட்டை இல்லாத வீடுகளைக் கணக்கெடுங்கள்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கேளம்பாக்கம் கூட்டுரோட்டில் கூடுகிறோம். தாம்பரம் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு 515 பஸ் இருக்கிறது. ஒவ்வொரு கிளையும் நாற்பது வயதைக் கடந்த பெண்களின் பட்டியலோடு வர வேண்டும். பெயரும் தெருவும் போதும். யாருடைய அளவையும் பட்டியலில் எழுதக் கூடாது, சத்தமாகவும் படிக்கக் கூடாது. அங்கிருந்து சுகாதார நிலையம் வரை நடந்தே போகிறோம். நம் கோரிக்கை மனுவைப் பெறப் பொறுப்பான ஒருவர் வரும்வரை வாசலில் உட்காருகிறோம்.

ஆண் தோழர்களுக்கு: கொடி பிடிக்க இந்த முறை உங்களைக் கூப்பிடவில்லை. அன்று காலை ஐந்திலிருந்து பத்துவரை அடுப்பும் பிள்ளைகளும் உங்கள் பொறுப்பு. யார் யார் வீட்டில் யார் சமைக்கிறார் என்ற விவரத்தைக் கிளைச் செயலாளர்கள் வெள்ளிக்கிழமை மாலைக்குள் எழுதித் தர வேண்டும்.